அரை மணிக்குள்

சித்தார்த் தாளை மேசைமேல் வைத்துவிட்டு உட்காராமல் நின்றான். அவன் உட்காராமல் நின்றால் செய்தி நல்லதில்லை என்று ரமாபாய்க்குத் தெரியும். ஆராய்ச்சி நிலையத்தின் புள்ளிவிவரம் முழுக்க அவன் பொறுப்பு. ஆறு வருடமாக அவளோடு வேலை செய்கிறவன்.

"எண்ணூர் நம்ம பழைய கட்டுரை மாதிரியே வருது, மேடம். காசிமேடுதான் வரலை."

"வரலைன்னா?"

"நைட்டு வேலை செய்யறவங்களுக்கும் பகல்ல வேலை செய்யறவங்களுக்கும் வித்தியாசமே இல்லை. ரெண்டு கோடும் ஒண்ணு மேல ஒண்ணு படுத்திருக்கு."

ரமாபாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஒன்றின்மேல் ஒன்று படுத்துத்தான் இருந்தன.

சாப்பிட்டதும் குடலிலிருந்து ரத்தத்தில் கலந்து, 'போதும், நிறுத்து' என்று மூளைக்குச் சொல்கிற ஹார்மோன் ஒன்று உண்டு. அதுதான் அவளுடைய இருபது வருடப் பிழைப்பு. வியாசர்பாடி ஹவுசிங்போர்டில் பிறந்து, அரசு மருத்துவக் கல்லூரியில் படித்து, உடலியலில் மேற்படிப்பு முடித்து, மூன்று வருடம் ஸ்காட்லாந்தில் குடல் செல்களோடு மல்லுக்கட்டிவிட்டு, ராயபுரத்தில் ஒரு அறக்கட்டளை நடத்தும் இந்த நிலையத்துக்கு வந்து சேர்ந்தவள். எட்டு வருடத்துக்கு முன் அவள் எழுதிய கட்டுரை அவளை நாலு நாட்டு மேடைகளில் ஏற்றியது. ராத்திரி வேலை செய்கிறவர்களுக்கு அந்தப் 'போதும்' ஹார்மோன் பாதிக்கும் குறைவாகவே சுரக்கிறது என்பதுதான் அதன் சாரம். எண்ணூர்ப் பக்கம் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கம் ஒன்று அந்தக் கட்டுரையின் நகலைக் காட்டியே நிர்வாகத்திடம் ராத்திரிச் சாப்பாடு வாங்கியது.

பெயரும் மேடையும் இருக்கட்டும். அவளுக்கு அந்தக் கட்டுரை வேறொரு கணக்கைத் தீர்த்தது. அவளுடைய அப்பா வரதன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். மாதத்தில் பாதி நாள் ராத்திரி ஷிப்டு. விடிந்து வீட்டுக்கு வந்தால் ஒரு குண்டான் சோறு உள்ளே போகும், அப்போதும் அடங்காது. "வவுறா அது, கெணறா?" என்று அவருடைய சொந்த அக்காவே நாலு பேர் முன்னால் கேட்பாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பார். ஐம்பத்திரண்டு வயதில் சர்க்கரை வந்து, கால் புண்ணாகிச் செத்துப்போனார். கட்டுரை அச்சான அன்று ரமாபாய் முதலில் போன் செய்தது அந்த அத்தைக்குத்தான். "அப்பா மேல தப்பு இல்ல அத்தை, அது ஹார்மோன்" என்றாள். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "சரி, சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

இப்போது அதே ஆய்வைப் பெரிய அளவில் திரும்பச் செய்துகொண்டிருந்தார்கள். எண்ணூரில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர்கள், கிரேன் ஆட்கள். காசிமேட்டில் விசைப்படகு ஆட்கள், ரெண்டு மணிக்கே எழுந்து ஏலத்துக்கு வரும் மீன்காரப் பெண்கள். ஒவ்வொருவருக்கும் நாலு இட்லி, ஒரே அளவு சாம்பார். சாப்பிட்டு அரை மணி கழித்து ஒருமுறை ரத்தம். காசிமேட்டில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டவள் ஜானட்.

"நான் ஒண்ணும் சொல்லலை மேடம்," என்றான் சித்தார்த். "ஆனா காசிமேட்டு நம்பர் ரொம்ப சுத்தமா இருக்கு. ஏத்த இறக்கமே கம்மி. ஒருத்தரோட ரத்தத்தையே அஞ்சாறு பேர் பேர்ல..." முடிக்காமல் விட்டுவிட்டான்.

அவன் விட்ட இடத்திலிருந்து ரமாபாய் தொடங்கினாள்.

ஜானட் பன்னிரண்டு வருடமாக நிலையத்தில் ரத்தம் எடுப்பவள். ராயபுரத்தில் மாதாகோயிலுக்குப் பின்தெரு. புருஷன் பிராங்கிளின் விசைப்படகில் டிரைவர். நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். அவளை யாரும் சந்தேகப்பட்டது கிடையாது. சந்தேகப்பட ஆரம்பித்த பிறகோ, பன்னிரண்டு வருடத்தில் கவனிக்காததெல்லாம் ரமாபாயின் கண்ணில் படத் தொடங்கியது. காலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை ஜானட் போனை எடுப்பதே இல்லை. நேரில் வந்து பார்க்கிறேன் என்று இரண்டு தடவை சொன்னபோதும், "நீங்க வந்தா ஜனம் மெரண்டுரும் மேடம், அப்பால பாத்துக்கலாம்" என்று தட்டிக் கழித்திருந்தாள். ஒப்புதல் படிவங்களை எடுத்துப் பார்த்தால், கைநாட்டுகளுக்குக் கீழே எழுதியிருந்த பெயர்களெல்லாம் ஒரே கையெழுத்து. 'ன்' எழுதும்போது வாலை நீட்டி இழுக்கும் கை. ஜானட்டின் கை.

படிவங்களில் இருந்த பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். அலெக்ஸாண்டர், வயது நாற்பத்தொன்று, விசைப்படகுத் தொழிலாளி. அடுத்த நாள் மத்தியானம் காசிமேட்டுக்குப் போய் விசாரித்துக் கண்டுபிடித்தாள். அவன் நிழலில் உட்கார்ந்து வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன மாசம் இங்க ரத்தம் குடுத்தீங்களா?"

அவன் நிமிர்ந்து அவளுடைய செருப்பிலிருந்து கண்ணாடி வரைக்கும் பார்த்தான். "இன்னாத்துக்குக் கேக்கற?"

"நான் அந்த ஆராய்ச்சி டாக்டர்."

"டாக்டர்னா ஜானட்டக்காவைக் கேளு. எங்கிட்ட இன்னாத்துக்கு? எனுக்கு எதனா சீக்கு கீதா?"

"அதெல்லாம் இல்ல. குடுத்தீங்களா இல்லையான்னு மட்டும்..."

"நான் எதுவும் குடுக்கல, எதுவும் வாங்கல. போலீஸு கீலீஸுன்னு இட்டாந்து பேஜாரு பண்ணாத," என்று வலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட்டான்.

அவன் பயந்து சொன்ன பதில் அது என்று யாருக்கும் தெரியும். ரமாபாய்க்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் ஆட்டோவில் திரும்பும்போது, 'நான் எதுவும் குடுக்கல' என்ற வார்த்தையை மட்டும்தான் எடுத்துக்கொண்டு வந்தாள்.

இரண்டு நாள் கழித்து, விடிகிற நேரத்தில் யாரிடமும் சொல்லாமல் காசிமேட்டுக்குப் போனாள். ஏலம் உச்சத்தில் இருந்தது. கூடைகளும் தள்ளுவண்டிகளும் குட்டியானை வண்டிகளும் வழியை அடைத்துக்கொண்டு நின்றன. மீனவர் சங்கத்தின் பழைய அறையில்தான் ரத்தம் எடுக்கும் இடம். எதிரே டீக்கடையில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாற்பத்தெட்டு வயதில் நாடகம் போடுகிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. டீ ஆறியது. எழுந்து போகவில்லை.

ஆறு மணி ஆகும்போது ஜானட் நீல நிறப் பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள். நிலையத்துப் பெட்டி. அறையை ஒட்டிய சந்தில் நுழைந்து, ஐஸ் கம்பெனியின் பாதி இறங்கிய ஷட்டருக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். ரமாபாய் கடிகாரத்தைப் பார்த்தாள். இருபது நிமிடம். ஜானட் வெளியே வந்தபோது கையில் நீலப் பெட்டி இல்லை. வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி இருந்தது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வேகமாக அறைக்குள் போய்விட்டாள்.

போன பெட்டி வேறு, வந்த பெட்டி வேறு. ரமாபாய் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். ஏமாற்றப்பட்டோமே என்ற கோபத்தைவிட, 'அப்பாடா' என்ற நிம்மதிதான் அவளுக்குள் அதிகம் இருந்தது. அதை அவள் வெகுநாள் கழித்துத்தான் தனக்கே ஒப்புக்கொண்டாள்.

நிலையத்தின் இயக்குநர் குணசேகரன் படத்தைப் பார்த்தார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிற மனிதர், எதிலும் சத்தம் வரக்கூடாது அவருக்கு. "சஸ்பெண்ட் பண்ணிடலாம். ஆர்டர் டைப் அடிச்சு வைக்கச் சொல்றேன். நீங்க ஒரு வார்த்தை அவங்களைக் கேட்டுட்டு கையெழுத்துப் போடுங்க. கேக்கணும், அதுதான் முறை."

பதினோரு மணிக்கு ஜானட் வந்தாள். மேசைமேல் இருந்த படத்தைப் பார்த்தாள். முகத்தில் பயத்தை எதிர்பார்த்த ரமாபாய்க்கு அது கிடைக்கவில்லை.

"இதுக்குத்தான் அலெக்ஸைப் போய்க் கேட்டீங்களா?"

"முதல்ல இதுக்கு பதில் சொல்லு. ரத்தத்தை எடுத்துக்கிட்டு ஐஸ் கம்பெனிக்கு ஏன் போற? வேற பெட்டி எப்படி வருது?"

"வாய்ல சொன்னா நம்ப மாட்டீங்க. வாங்க."

இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் காசிமேட்டுக்குப் போனார்கள். ஐஸ் கம்பெனிக்குள் கால் வைத்ததும் குளிர் முழங்கால் வரை ஏறியது. மூலையில் சிமெண்டு மேடை. அதன்மேல் மடித்துப் போட்ட சாக்கு, சாக்கின்மேல் நிலையத்தின் சின்ன சென்ட்ரிஃபியூஜ். ரத்தக் குழாய்களை வேகமாகச் சுழற்றிச் சிவப்பணுவையும் தெளிந்த நீரையும் பிரிக்கிற மெஷின் அது. மூன்று மாதத்துக்கு முன் 'ரிப்பேர்' என்று பதிவேட்டில் எழுதி வெளியே போன மெஷின்.

"சங்கத்து ரூம்ல காலைல கரண்டே நிக்காது, மேடம். இங்க ஜெனரேட்டர் கீது. ஏலம் முடியறவரைக்கும் வண்டிய வெளிய எடுக்க முடியாது, பாத்தீங்க இல்ல? எட்டரை ஆவும். அதுவரைக்கும் ரத்தத்தை அப்டியே வெச்சிருந்தா என்னா ஆவும்னு எனக்குக் கத்துக் குடுத்ததே நீங்கதான்."

கற்றுக்கொடுத்தது உண்மைதான். அந்த ஹார்மோனைத் தின்கிற நொதி ரத்தத்திலேயே இருக்கிறது. குழாய்க்குள் வந்த பிறகும் அது தின்பதை நிறுத்தாது. குழாயில் தடுப்பு மருந்து போட்டு, பனியில் வைத்து, அரை மணிக்குள் பிரித்து உறையவைக்க வேண்டும். நேரம் போகப் போக ஹார்மோன் குறைந்துகொண்டே போகும்.

"எடுத்த ரத்தம் நீலப் பெட்டில போவுது. பிரிச்சது வெள்ளைப் பெட்டில, புது ஐஸ்ல வருது. இதான் நான் பண்ண திருட்டு."

"படிவத்துல பேரெல்லாம் நீ எழுதியிருக்க."

"மீன் கையோட வராங்க. பேப்பர் நாறும்னு அவங்களுக்கே கூச்சம். கட்ட வெரல வெச்சுட்டு, நீயே எழுதிக்கோ ஜானட்டுன்னு சொல்றாங்க."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"கேட்டா? லேப்லதான் சுத்தணும்னு ரூல் புக்குல நீங்களே எழுதியிருக்கீங்க. நாலு மாசம் ஃபைல் சுத்தும். அதான் சொல்லாம தூக்கியாந்துட்டேன். அது தப்புதான்." ஜானட் மெஷினின் மூடியைத் துணியால் துடைத்தாள். "நீங்களும் எங்கிட்ட கேட்டிருக்கலாமே, மேடம்."

அலமாரியிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு குழாய்க்கும் எடுத்த நேரம், சுழற்றிய நேரம். ஐந்து ஐம்பத்திரண்டு, ஆறு நாலு. ஆறு இருபத்தாறு, ஆறு நாற்பத்தொன்று. பக்கம் பக்கமாக. எதுவும் அரை மணியைத் தாண்டவில்லை. எதுவும் ஒன்றுபோல் ஒன்று இல்லை.

ரமாபாய் கடைசிப் பக்கம் வரை புரட்டினாள்.

"எம்மேல சந்தேகப்பட்டீங்க, சரி," என்றாள் ஜானட். "எண்ணூர்ல வண்டி எப்ப கெளம்புது, எப்ப வந்து சேருதுன்னு எத்திராஜ் அண்ணன ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களா?"

மறுநாள் காலை ரமாபாய் எண்ணூரில் இருந்தாள். எத்திராஜ் நிலையத்தின் வேன் டிரைவர். பழைய ஆய்வுக்கும் அவர்தான் ஓட்டினார், இதற்கும் அவர்தான். அவளைப் பார்த்ததும் வாயில் இருந்த பாக்கைத் துப்பிவிட்டு இறங்கினார்.

"இன்னா டாக்டரம்மா, நீங்க இம்மாந்தூரம்?"

"உங்ககூட வண்டியில வரலாம்னு."

கடைசிக் குழாய் ஏழு நாற்பதுக்குப் பெட்டியில் ஏறியது. வேன் சாலைக்கு வந்ததும் முன்னால் கன்டெய்னர் லாரி, பக்கத்தில் கன்டெய்னர் லாரி, கண்ணாடியில் பார்த்தால் பின்னாலும் அதே. பத்தடி போகும், நிற்கும். டிரைவர்கள் இறங்கி டீ குடித்துவிட்டு வந்து ஏறினார்கள். வெயில் ஏறியது. பெட்டிக்குள் ஐஸ் உருகிக் குழாய்கள் தண்ணீரில் இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. திருவொற்றியூர் தாண்டும்போது மணி ஒன்பது. ராயபுரம் வந்து சேர்ந்தபோது ஒன்பது முப்பத்தைந்து.

எத்திராஜ் பையிலிருந்து அட்டையை எடுத்தார். வந்துசேர்ந்த நேரம் என்ற கட்டத்தில் 8.10 என்று ஏற்கெனவே எழுதியிருந்தது.

"இது எப்ப எழுதினீங்க?"

அவர் அட்டையைத் திரும்பப் பைக்குள் வைக்கப் போனார்.

"எத்திராஜண்ணே."

"கெளம்பும்போதே எழுதிடுவேன்."

"தினமுமா?"

"தெனமும்தான்."

"போன தடவை? எட்டு வருஷம் முன்னாடி?"

ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சொன்னார். "மொத வாரம் உண்மைதான் எழுதினேன், டாக்டரம்மா. ஒம்போதரைன்னு. நீங்க அத்தப் பாத்துட்டு இன்னா பண்ணீங்க? இருவது பேர் ரத்தத்தையும் அப்டியே குப்பைல கொட்டினீங்க. அரைமணிக்கு மேல ஆனா எனக்கு வாணாம், கொண்டாராதீங்கன்னு கத்தினீங்க. ராத்திரியெல்லாம் கண்ணு முழிச்சிட்டு வந்து குந்தினு குத்திக்கினாங்க அந்த ஜனம். அத்தனையும் சாக்கடைக்கா போவணும்? இந்த ரோட்டுல அரைமணில எவன் வருவான்? அதான் எழுதிட்டேன். எழுதறதுக்குத்தானே கட்டம் கீதுன்னு நெனச்சேன்."

பழைய ஆய்விலும் இதிலும் பகல் வேலைக்காரர்களுக்கெல்லாம் ரத்தம் எடுத்தது ராயபுரத்தில், இதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில். பத்து நிமிடத்தில் மெஷினுக்குப் போய்விடும். ராத்திரி வேலைக்காரர்களின் ரத்தம் எண்ணூரிலிருந்து இரண்டு மணி நேரம் வெயிலில் வந்தது. ரமாபாய்க்கு மேற்கொண்டு யாரும் விளக்கத் தேவையில்லை.

ஆவண அறையில் பழைய பெட்டிகளைப் பிரித்தாள். நூற்றுப் பன்னிரண்டு தாள். எல்லாத் தாளிலும் 8.10. ஒருவனுக்கும் சந்தேகம் வராமல் போனது எப்படி? கட்டுரையைப் பரிசீலித்தவர்களுக்கு வரவில்லை, குணசேகரனுக்கு வரவில்லை. அவளுக்கு?

தரையில் உட்கார்ந்து யோசித்தபோது அது நினைவுக்கு வந்தது. அந்த நாட்களில் அவள் மருத்துவக் கல்லூரியில் காலை வகுப்பு எடுத்துவிட்டுத்தான் இங்கே வருவாள். ஒருநாள் வகுப்பு இல்லாமல் சீக்கிரம் வந்தபோது, வாசலில் எத்திராஜ் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். மணி ஒன்பதரைக்கு மேல். இரண்டாவது நடை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டாள். இரண்டாவது நடை என்று ஒன்று கிடையாது. அது அவளுக்குத் தெரியும். அன்றைக்கும் தெரிந்திருக்குமே. ஜானட்டின் ஷட்டரையும் பெட்டியின் நிறத்தையும் கணக்கெடுத்தவள், அந்த ஒரு காலையில் நின்று ஒரு கேள்வி கேட்காமல் ஏன் போனாள்? நிஜமாகவே தோன்றவில்லையா, இல்லை தோன்ற விடவில்லையா? எத்தனை தடவை கேட்டுப் பார்த்தும் தன் பதிலை அவளால் நம்ப முடியவில்லை.

சந்தேகம் நிரூபணம் ஆகாது. மறுநாள் காலை நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, இடது கையில் தானே ஊசி ஏற்றிக்கொண்டாள். சித்தார்த் கட்டுப்பட்டையை இழுத்துப் பிடித்தான். வருடக்கணக்கில் ரத்தம் எடுக்காத கை, இரண்டு தடவை நரம்பு தப்பி மூன்றாவதில்தான் கிடைத்தது. ஒரே ரத்தத்தை இரண்டு குழாயில் பிரித்தாள். ஒன்று உடனே மெஷினுக்கு. மற்றது உருகும் ஐஸ் பெட்டியில், எத்திராஜின் வேனில், நிலையத்து வாசல் வெயிலில் இரண்டு மணி நேரம். பிறகு நிலையத்திலேயே வேலை செய்கிற எட்டுப் பேரிடம் கேட்டு அதையே செய்தாள்.

எண்கள் வந்தபோது சித்தார்த் இந்தத் தடவை உட்கார்ந்துவிட்டான். காத்திருந்த குழாய்களில் ஹார்மோன் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. எட்டு வருடத்துக்கு முன் அவள் உலகத்துக்குச் சொன்ன இடைவெளிக்கு ஏறத்தாழ அதே அளவு.

"அப்ப காரணம் ராத்திரி வேலை இல்ல மேடம், எண்ணூர் டிராஃபிக்," என்றான். சிரிக்க முயன்று விட்டுவிட்டான்.

குணசேகரன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ஒம்போது பேர் ரத்தம். அதை வெச்சு எட்டு வருஷத்துப் பேரைக் கொளுத்தணுமா?"

"பேர் என்னோடது சார்."

"நிலையத்தோடதும்தான். இப்படிப் பாருங்க. காசிமேட்டுல அந்த அம்மா விதியை மீறியிருக்காங்க, பொய் சொல்லி மெஷினைத் தூக்கிட்டுப் போயிருக்காங்க. அது உண்மைதானே? அந்தக் காரணத்தைச் சொல்லி காசிமேட்டு டேட்டாவை எடுத்துட்டா, கேக்கறவன் யாரு? நீங்க ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டாம்." சஸ்பென்ஷன் ஆர்டரை அவள் பக்கம் நகர்த்தினார்.

அந்தத் தாள் இரண்டு நாள் அவள் கைப்பையில் இருந்தது. இரண்டு நாளும் அவள் அதை வெளியே எடுத்துப் பார்த்தாள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். ஒரு கையெழுத்துப் போதும். அப்பாவின் பசிக்கு அவள் கண்டுபிடித்த காரணம் அப்படியே நிற்கும், எண்ணூர்ச் சங்கத்துக்காரர்களின் ராத்திரிச் சாப்பாடும் நிலைக்கும். ஒரே ஒருத்தி, ஊசி பிடிக்கத் தெரிந்தவள், வேறு எங்காவது வேலை தேடிக்கொள்வாள். எல்லாம் பொருந்தியது. எதுவுமே தடங்கல் இல்லாமல் பொருந்தியதுதான் அவளை உறுத்தியது. 8.10 என்ற எண்ணும் அப்படித்தானே நூற்றுப் பன்னிரண்டு தாளிலும் பொருந்தியிருந்தது.

மூன்றாம் நாள் தாளைக் கிழித்துக் கூடையில் போட்டுவிட்டு, கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைக்கு எழுதினாள். காரணத்தை ஒளிக்கவில்லை. 'மாதிரிகள் வந்துசேர்ந்த நேரத்தை நான் சரிபார்க்கவில்லை' என்று எழுதினாள். எத்திராஜின் பெயரை எழுதவில்லை.

எண்ணூருக்கும் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத்துச் செயலாளர் பகலவன் பத்து இருபது பேரை ஷெட்டில் கூட்டி வைத்திருந்தார். ரமாபாய் நின்றுகொண்டே சொல்லி முடித்தாள். முன்வரிசையில் ஒருவர் கையைத் தூக்கினார்.

"அப்ப எங்க பசி பொய்யி. அப்டித்தானே டாக்டரம்மா?"

"பசி பொய் இல்ல. நான் சொன்ன காரணம்தான் தப்பு. வேற காரணம் இருக்கலாம். எனக்கு இன்னும் தெரியல."

"எட்டு வருசமா தெரிஞ்சது இப்ப திடீர்னு தெரியாம போச்சா?" பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "கம்பெனிக்காரன் எதனா சொன்னானா உன்னாண்ட?"

"யாரும் சொல்லல."

"நாங்க நம்பணும்."

பகலவன் அவளை வாசல்வரை கொண்டுவந்து விட்டார். "சாப்பாட்டு ஒப்பந்தம் மார்ச்ல முடியுது. நீங்க சொன்ன நேரம் நல்ல நேரமில்ல," என்றார். திட்டவில்லை. கையும் கொடுக்கவில்லை. அவர் தன்னை எந்தக் கண்ணால் பார்த்தார் என்பது ரமாபாய்க்கு நன்றாகவே தெரிந்தது. டீக்கடையில் முந்தானைக்குள்ளிருந்து ஜானட்டை அவள் பார்த்த அதே கண்.

பத்திரிகையில் அறிவிப்பு வந்த பிறகு இரண்டு கருத்தரங்குகளின் அழைப்பு ரத்தானது. ஸ்காட்லாந்தில் அவளுக்குக் கற்றுக்கொடுத்த பேராசிரியர் இரண்டே வரியில் பதில் போட்டார், அன்பாக. அதுதான் அதிகம் வலித்தது. குணசேகரன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆய்வை மட்டும் நிறுத்தவில்லை. எண்ணூரிலேயே ஒரு அறை பிடித்து, மெஷினும் ஜெனரேட்டரும் வைத்து, முதலிலிருந்து தொடங்க அனுமதி கிடைத்தது.

அதை நடத்த ஜானட்டைத் தவிர வேறு ஆளில்லை. அவள் ஐஸ் கம்பெனியில் அன்று பிரிந்ததிலிருந்து விடுப்பில் இருந்தாள். ரமாபாய் அவள் வீட்டுக்குப் போனாள். பிராங்கிளின் கதவைத் திறந்து, நாற்காலியைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

"நான் பண்ணது தப்பு, ஜானட்."

"தெரியும் மேடம்."

"திரும்ப வரணும். எண்ணூர் முழுக்க உன் பொறுப்பு. எப்படிப் பண்ணணும்னு நீ எழுது, நான் அதுல கையெழுத்துப் போடறேன். கட்டுரையில உன் பேரும் வரும்."

ஜானட் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எதிரே உட்காரவில்லை. "வரேன். அந்த ஜனத்துக்காக வரேன். ஆனா நீங்க இப்ப சொன்னதெல்லாம் எழுத்துல வேணும்."

"நான் சொல்றேன் இல்ல?"

"பன்னெண்டு வருசம் நீங்க சொன்னது போதும்னுதான் இருந்தேன்."

ரமாபாய் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். தாள் இல்லை. ஜானட் தன் மகளின் நோட்டிலிருந்து ஒரு பக்கம் கிழித்துக் கொடுத்தாள். மெஷின் வெளியே இருக்கலாம், நேரத்தை ஜானட் மட்டுமே எழுதுவாள், அவளிடம் கேட்காமல் அவள் எடுத்த ரத்தம் எதையும் யாரும் கொட்டக்கூடாது என்று வரிவரியாக எழுதினாள். கீழே கையெழுத்து, தேதி. ஜானட் அதை வாங்கி ஜன்னல் பக்கம் போய் இரண்டு தடவை படித்தாள்.

"சொல்லாம வந்து நின்னு பாக்கக் கூடாதுன்னும் எழுதுங்க," என்று திருப்பிக் கொடுத்தாள்.

ரமாபாய் எழுதினாள். ஜானட் அதை மேசைமேல் விரித்து வைத்து, செல்போனில் இரண்டு படம் எடுத்து, ஒன்றை அப்போதே பிராங்கிளினுக்கு அனுப்பினாள். பிறகுதான், திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வேன் வரும் என்று கேட்டாள்.